சபைக்குள் வந்த டிரம்ஸும் வாசலில் நின்ற பறையும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரகடம் கூட்டுச்சாலையில் நின்றால், இரவுப் பணி முடித்த தொழிலாளர்களை இறக்கிவிட்டுச் செல்லும் நிறுவனப் பேருந்துகளை வரிசையாகப் பார்க்கலாம். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் அது. இறங்குபவர்களில் பெரும்பாலோர் அறைக்குச் சென்று உறங்குவார்கள். சிலர் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, சீருடையைக்கூட மாற்றாமல், எங்கள் சபைக்கு வந்துவிடுவார்கள். தகரக் கூரை வேய்ந்த வாடகைக் கூடம், நூறு நாற்காலிகள், மூலையில் ஒரு டிரம்ஸ். அதன் பின்னால் அமர்ந்திருப்பவன் நான். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் அச்சு இயந்திரப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்.

டிரம்ஸ் வாசிப்பது ஊழியமா, வெறும் இரைச்சலா என்ற கேள்வி கிறிஸ்தவச் சபைகளில் ஓயாமல் எழுகிறது. மூத்தவர்கள் ‘பக்தி குறைகிறது’ என்பார்கள். இளைஞர்கள் சங்கீதப் புத்தகத்தின் கடைசிச் சங்கீதத்தைத் திறந்து, கைத்தாளங்களையும் மேளத்தையும் சுட்டிக்காட்டுவார்கள். இரு தரப்பின் வாதங்களையும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். பேசப்படுவது ஒலியைப் பற்றி மட்டும்தானா என்ற ஐயம் எனக்கு உண்டு.

ஒலியைப் பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன், அதிலும் உண்மை இருக்கிறது. வாசிக்கத் தொடங்கிய புதிதில், வலுவாக அடிப்பதே உற்சாகம் என்று நினைத்தேன். ஒருநாள் ஆராதனை முடிந்ததும் என்னுடன் வேலை செய்த ஒருவர் அருகில் வந்து, “அண்ணே, ஆறு நாளும் பிரஸ் சத்தத்துல காதுல பஞ்சை அடைச்சிக்கிட்டு நிக்கிறோம். ஏழாவது நாளும் அடைக்கணுமா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியை நாள்தோறும் 8 மணி நேரம் கேட்பது செவிக்குக் கேடு என்பது பணிநலத் துறையினர் வகுத்த எல்லை. அமெரிக்கப் பணிநல ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலை எட்டினால் மிஞ்சுவது வெறும் 15 நிமிடம். சிறிய அறைக்குள் முழு விசையோடு அடிக்கப்படும் டிரம்ஸ் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். தகரக் கூரை அதைத் திருப்பி நம் தலையிலேயே கொட்டும். அன்று முதல் தடித்த குச்சிகளை வைத்துவிட்டு, மெல்லிய மூங்கில் சிம்புகளைக் கட்டாகச் சேர்த்த குச்சிகளுக்கு மாறினேன். பெரிய டிரம்மின் வயிற்றில் ஒரு பழைய போர்வையைத் திணித்தேன். சிம்பலை ஒரு பாட்டுக்கு இரண்டு முறைக்கு மேல் தொடுவதில்லை என்று எனக்கு நானே விதி வகுத்துக்கொண்டேன். அந்த விதியை மீறிய ஞாயிறுகளும் உண்டு.

ஆராதனையில் டிரம்ஸ் வாசிப்பவருக்குத் திறமையைக் காட்டும் வேலை இல்லை. இரவெல்லாம் நின்றுவிட்டு வந்தவரும், தாளமே பிடிபடாத பாட்டியும், ஓடி விளையாடும் குழந்தையும் ஒரே வரியை ஒரே நேரத்தில் பாடி முடிக்க வேண்டும். அதற்குக் கால் வைக்கத் தரை போட்டுக் கொடுப்பதுதான் அவர் வேலை. சபை மூச்சு வாங்கும் இடத்தில் கையும் நிற்க வேண்டும். நன்றாக வாசித்த நாளில் யாரும் டிரம்ஸைப் பற்றிப் பேச மாட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு அது சம்மதமாயிற்று.

இனி வரலாறு. கிறிஸ்தவ வழிபாட்டில் தோற்கருவிகள் மீதான தயக்கம் மிகப் பழையது. தொடக்க நூற்றாண்டுகளின் திருச்சபைத் தந்தையர் பலர் மனிதக் குரல் ஒன்றே போதும் என்றனர். கிழக்கு மரபுச் சபைகள் பலவற்றில் இன்றும் கருவி கிடையாது. 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட இசை பற்றிய ஆணை பியானோவையும், டிரம், சிம்பல் போன்ற இரைச்சல் மிக்க கருவிகளையும் ஆலயத்துக்குள் தடை செய்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1963 டிசம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஆவணம், மறைபணி நாடுகளில் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்கச் சொன்னது. இந்தத் தடையும் அனுமதியும் எத்தியோப்பியாவைத் தொடவே இல்லை. அங்குள்ள மரபுவழிச் சபை ‘கெபெரோ’ என்னும் பெரிய முழவை நூற்றாண்டுகளாக வழிபாட்டில் முழக்கிவருகிறது. ஆகவே முழவு கிறிஸ்தவத்துக்கு அந்நியம் என்று எவரும் சொல்ல முடியாது.

நான் வாசிக்கும் டிரம்ஸ் பிறந்த கதை இன்னும் சுவையானது. தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே அங்கு இயற்றப்பட்ட சட்டம், அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடை செய்தது. ஆட்களைக் கூட்டவும் சேதி சொல்லவும் வல்ல கருவியை ஆள்பவர்கள் அஞ்சினார்கள். பின்னர், நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களின் கறுப்பின இசைக்குழுக்களில், மூவர் அடித்த முரசுகளை ஒருவரே அமர்ந்து அடிக்கும் முறை உருவாயிற்று. 1909இல் லுட்விக் என்பவர் காலால் இயக்கும் மிதிகட்டையைச் செம்மையாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு அது உலகெங்கும் பரவியது. 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருவில் மூண்ட பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்குப் பின், கறுப்பினச் சபைகள் சில டிரம்ஸைத் தயக்கமின்றி உள்ளே அழைத்துக்கொண்டன. ஒடுக்கப்பட்ட மக்களின் கருவி அது.

ஆனால், நம்மூருக்கு அது வந்து இறங்கியபோது அதன் மேல் அந்த வரலாற்றின் தூசு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. பளபளக்கும் குரோமியம், ஆங்கிலப் பெயர், நகரத்து வாசனை. சாதி தெரியாத கருவி அது. எங்கள் சபையில் அதை வாங்கியபோது மூத்தவர்கள் ஒலியைக் குறித்து முணுமுணுத்தார்களே தவிர, கருவியைத் தொட்டவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பேட்டைக்கு நெல்லை, விருதுநகர், கடலூர் என எங்கெங்கிருந்தோ வரும் இளைஞர்களுக்கு அது பெரிய விடுதலை. அதன் முன் அமர்ந்திருப்பவரின் ஊரும் தெருவும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

பறையின் கதை வேறு. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்து எண்ணுகிறது. அதே பறை பிற்காலத்தில் சாவு வீட்டுக் கருவியாக, ஒரு சாதியின் கட்டாய ஊழியமாகச் சுருக்கப்பட்டது. மதம் மாறியவர்களையும் அந்த ஊழியம் விடவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது உபதேசம். ஆலயத்தில் தனி இருக்கையும் தனிக் கல்லறையும் கண்ட கிராமங்கள் நம்மிடம் உண்டு. தமிழ்க் கீர்த்தனைகளுக்கு ஆர்மோனியமும் தபேலாவும் டோலக்கும் ஏற்பாயின. பறை வாசலோடு நின்றது.

இதில் மொழிபெயர்ப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கையில் எடுத்ததும், கடைசிச் சங்கீதம் பெயர் சொல்லி அழைப்பதும் எபிரெயத்தில் ‘தோஃப்’ என்னும் கருவி. வட்டச் சட்டகத்தில் ஒரு பக்கம் தோல் போர்த்து, கையில் பிடித்துத் தட்டுவது. பறையின் உறவுக்காரி என்று தயங்காமல் சொல்லலாம். சீர்திருத்தச் சபைகளில் நெடுங்காலமாக வழங்கும் தமிழ் விவிலியம் அதைத் ‘தம்புரு’ என்கிறது. தம்புரு என்றதும் தமிழ்க் காதுக்குத் தந்தி மீட்டும் தம்புராதான் நினைவுக்கு வரும். தோற்கருவி ஒன்று மொழிபெயர்ப்பில் நரம்புக்கருவியாகி, கச்சேரி மேடையில் அமர்ந்துவிட்டது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

இந்தக் கதவைத் தட்டியவர்களில் முதன்மையானவர் ஜே. தியாபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியர், ‘பரட்டை’ என்ற பெயரால் அறியப்பட்டவர், 2005இல் மறைந்தார். கர்நாடக இசையும் மேலை இசையும் அறிந்த அவர், கிராமத்து மக்கள் தங்கள் மெட்டில் தாங்களே மாற்றிப் பாடிக்கொள்ளக்கூடிய நாட்டுப்புற இசையே அவர்களின் இறையியலுக்கு உரிய வடிவம் என்று வாதிட்டார். முழு வழிபாட்டையும் கிராமிய மெட்டுகளில் அமைத்தார். கடவுளைத் தாயும் தந்தையுமாக ஒருசேரப் ‘பெத்தவரே’ என்று விளித்தார். எல்லோருக்கும் ஒரே உலையில் சோறு என்பது அவர் சிந்தனையின் மையம். அவரைப் பற்றி அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் விரிவான நூலொன்றை 2014இல் வெளியிட்டார். திண்டுக்கல்லில் அருள்சகோதரிகள் நடத்தும் சக்தி கலைக்குழு, பறையைத் தலித் இளம்பெண்களின் கையில் கொடுத்து மேடையேற்றியது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும், எங்கள் பகுதிச் சபைகளில் பறை ஒலிக்கிறதா என்றால், ஒலிக்கிறது, எலெக்ட்ரானிக் பேடுக்குள்ளிருந்து. மெல்லிசைக் குழுக்களிலிருந்து சபைகளுக்கு வந்த கருவி அது. எண்ணை மாற்றித் தட்டினால் தபேலா, டோலக், தவில், அடுத்த எண்ணில் தப்பு. நன்றிப் பலிப் பாடல்கள் பலவும் மூன்றன் நடையில் துள்ளுபவை. அவற்றுக்குத் தப்பின் அடி அத்தனை பொருத்தம். சபை கைதட்டிக் களிக்கிறது. பறையை உள்ளே விடாத கூடத்தில் பறையின் ஒலிக்கு மட்டும் இடம் கிடைத்துவிட்டது. அதை அடிக்கும் கைக்கு இடமில்லை.

இதை எனக்கு உணர்த்தியவர் எங்கள் சபையின் பேட் வாசிக்கும் இளைஞர். வடமாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தவர். ஒருநாள் பயிற்சி முடிந்து கருவிகளை மூடும்போது, “இந்த அடி நிஜ அடி இல்லண்ணே. எங்க தாத்தா அடிச்சா நடுவுல ஒரு மூச்சு விடுவாரு, இது விடாது” என்றார். அவருடைய தாத்தா ஊரில் பறையடித்தவர். ‘நீ அடிப்பாயா?’ என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

மறு கிறிஸ்துமஸுக்கு ஊரிலிருந்து அந்தப் பறையைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். டிசம்பர் ஈரத்தில் தோல் தளர்ந்திருந்தது. கூடத்தின் பின்புறம் அட்டைப் பெட்டிகளைக் கொளுத்தி, தோலை நெருப்பில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். விரலால் சுண்டிப் பார்த்தபோது கணீரென்றது. இடக்கையில் நீண்ட மெல்லிய சுண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. பத்து நிமிடம் அடித்தார். நான் அத்தனை ஆண்டுகள் டிரம்ஸில் தேடிய நடை அதில் இருந்தது.

சபை மூப்பர்கள் ஒரு தீர்வு சொன்னார்கள். வீடு வீடாகப் போகும் கிறிஸ்துமஸ் பாடல் பவனியில் அடிக்கலாம், ஆராதனையில் வேண்டாம். தெருவில் சரி, உள்ளே வேண்டாம் என்பது பறைக்குக் காலங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் தீர்ப்புதான். அன்று நான் எழுந்து எதுவும் சொல்லவில்லை. டிரம்ஸ் என் கையில் பத்திரமாக இருந்தது.

எதிர்ப்பு மூப்பர்களிடமிருந்து மட்டும் வந்ததாக எழுதினால் பொய்யாகிவிடும். இளைஞரின் தந்தை தொலைபேசியில், “அதைத் தூக்கி எறியத்தானேடா உன்னைப் படிக்க வெச்சேன்? சர்ச்சுக்குள்ள ஏன் கொண்டு போற?” என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பறையை விட்டதே விடுதலை என்று வாழ்ந்த தலைமுறை அது. இழிவென்று சுமத்தப்பட்டதை மீண்டும் எடுத்து மாண்பாக்கலாம் என்று அப்பாவுவைப் போன்றோர் சொல்வது வேறொரு வழி. இரண்டில் எதைத் தேர்வது என்று சொல்லும் உரிமை, ஒருநாளும் சாவு வீட்டு வாசலில் பறையோடு நிறுத்தப்படாத எனக்குக் கிடையாது. தேர்ந்தவருக்குக் கூடத்தின் உள்ளே இடம் உண்டா என்பது மட்டும் எங்கள் பொறுப்பு.

எங்கள் தொழிற்பேட்டை இராமாநுசர் பிறந்த ஊரின் எல்லையில் இருக்கிறது. அவருக்குத் ‘திருப்பாவை ஜீயர்’ என்றொரு பெயர் உண்டு. மார்கழி விடியலில் அந்தக் கோயில் நகரில் ஒலிக்கும் திருப்பாவையில் ஆண்டாள் கண்ணனிடம் திரும்பத் திரும்பக் கேட்பது பறை. உரையாசிரியர்கள் அதற்குக் கைங்கரியம், அதாவது இறைத்தொண்டு என்று பொருள் சொல்கிறார்கள். பறையும் ஊழியமும் ஒன்று என்று வேறொரு சமயத்தின் பாட்டுக்குத் தெரிந்திருக்கிறது. இதை மூப்பர் ஒருவரிடம் சொன்னபோது, “நீ எங்கிருந்து எதைக் கொண்டுவந்து கோக்கிறாய் பார்” என்றார். ஆனாலும், கூட்டம் முடியும்வரை அவர் அதை மறுக்கவில்லை.

மூன்று கூட்டங்களுக்குப் பிறகு, அறுவடைப் பண்டிகையில் ஒரே ஒரு பாடலுக்கு இசைவு கிடைத்தது. அன்று நான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்து பாடினேன். தகரக் கூரைக்குப் பறையும் டிரம்ஸும் ஒன்றுதான் என்பதால், அடிக்குச்சியை அடக்கி, பெரும்பாலும் சுண்டுக்குச்சியிலேயே அவர் வாசித்தார். பஞ்சு அடைத்த நண்பர் முன்வரிசையில்தான் இருந்தார். பாட்டின் நடுவில் இருவர் எழுந்து வெளியே போனார்கள். ஒருவர் பாட்டு முடியுமுன் திரும்பி வந்தார்.

பறை இப்போது கூடத்தின் உள்ளே, டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்குகிறது. இந்தக் கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு இரண்டு பாடல்கள் குறித்து வைத்திருக்கிறோம். அந்த வாரம் அவருக்கு இரவுப் பணியா, பகல் பணியா என்ற அட்டவணை இன்னும் வரவில்லை.