பங்காளிகள் இருபது பேர். வீடு பூட்டிக் கிடக்கிறது!

செட்டிநாட்டு மாளிகைகள் பிழைக்குமா?

காரைக்குடிப் பக்கம் போயிருக்கிறீர்களா? கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று ஊர் ஊராகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரு தெருவில் வாசல். அடுத்த தெருவில் பின்கதவு. அவ்வளவு நீளமான வீடுகள்!

முகப்பைத் தாண்டினால் வளவு. அதைச் சுற்றிலும் அறைகள். கலியாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அப்புறம் இரண்டாங்கட்டு, அடுப்படி. பர்மாவிலிருந்து தேக்கு கப்பலில் வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. சுவருக்கு முட்டையின் வெள்ளைக் கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. தொட்டால் இன்றும் வழுவழு என்று இருக்கிறது.

ஆனால் பல வீடுகளில் ஆள் இல்லை.

பணம் எங்கே போயிற்று?

நகரத்தார் பலருக்கு பர்மாவில் லேவாதேவித் தொழில். 1942-ல் ஜப்பான் படை அங்கே புகுந்தது. கடையையும் கணக்கையும் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். 1948-ல் நிலங்களை அரசாங்கத்துக்கு எடுக்க பர்மாவில் சட்டம் வந்தது. வருமானம் நின்றது. பிள்ளைகள் வேலை தேடிச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள்.

கட்டியவர் ஒருவர். பேரன், கொள்ளுப்பேரன் என்று பங்கு பிரிந்து, இன்று ஒரு வீட்டுக்கு இருபது பங்காளிகள் கூட இருப்பார்கள். ஓடு மாற்ற வேண்டுமா? எல்லோரும் பணம் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும். ஒரே ஓர் ஓடு நகர்ந்தால் போதும். மழைநீர் உத்திரத்தில் இறங்கும். உத்திரம் உளுத்தால் மேல்தளம் விழும். கடைசியில், இடித்து விற்பதுதான் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே காரியமாகிவிடுகிறது! தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேருகின்றன.

இடித்தால் என்ன நஷ்டம்?

"பழசை இடித்துப் புதுசு கட்டினால் என்ன?" என்று கேட்கலாம். ஒரு டன் சிமெண்டு செய்தால் அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. செங்கல் சுடவும், கம்பி உருக்கவும் வேறு எரிபொருள் வேண்டும். பழைய வீட்டுக்கோ அந்தச் செலவெல்லாம் என்றைக்கோ முடிந்து போயிற்று. சுவர் கனமானது. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடும். சித்திரை வெயிலிலும் உள்ளே குளுமை.

இன்னொன்று. கூரையில் விழும் மழையை முற்றத்தில் சேர்த்து, வாய்க்கால் வழியாக ஊருணிக்கு அனுப்பினார்கள். மழை குறைந்த சீமை அல்லவா?

ஓட்டலான வீடுகள்

கானாடுகாத்தானில் 'விசாலம்', கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்', கோத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' ஆகிய மாளிகைகள் விருந்தினர் தங்கும் ஓட்டல்களாகிவிட்டன. வெளிநாட்டார் வருகிறார்கள். சமையல் ஆச்சிக்கும், தச்சருக்கும், கொத்தனாருக்கும் வேலை கிடைக்கிறது. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வோருக்கும் வியாபாரம் உண்டு. அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள்.

ஆனால் கணக்கில் மறுபக்கமும் உண்டு. குளுமையான வீட்டின் அறைகளை அடைத்து, ஏ.சி. எந்திரம் மாட்டினால் மின்சாரம் ஓடுகிறது. வறண்ட ஊரில் ஆழ்துளைக் கிணறு போட்டு நீச்சல்குளம் நிரப்புவதை நல்ல மறுபயன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசுவது அதைவிட மோசம். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளேயே அரித்துப் போகும்.

மேலும், மாளிகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அத்தனை ஓட்டலுக்கு ஆள் எங்கே? 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. பெருமைதான். ஆனால் பட்டியல் வந்து ஓடு மாற்றாது!

வருஷத்துக்கு ஒரு தொகை

எனக்குத் தோன்றுவது எளிய வழி. சில குடும்பங்கள் இன்னும் கலியாணத்துக்கும் சஷ்டியப்தபூர்த்திக்கும் ஊருக்கு வந்து, வளவில்தான் பந்தி போடுகின்றன. வீடு திறக்கிறது, தூசி போகிறது, ஒழுகும் இடம் கண்ணில் படுகிறது. முகப்பைச் சினிமாப் படப்பிடிப்புக்கோ, பிறர் வீட்டு விசேஷத்துக்கோ வாடகைக்கு விடலாம். அந்தப் பணத்தைப் பங்கு பிரிக்காமல், ஓட்டுக்கும் உத்திரத்துக்கும் என்று தனியாகப் போட்டு வைக்கப் பங்காளிகள் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

அடுத்த விசேஷத்துக்கு எல்லோரும் வருவார்கள். பந்தி முடிந்ததும் அந்தக் காகிதத்தை எடுக்கலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் விசேஷம் வந்தால் நல்லது.