மகிழுந்து கழுவுதலும் உலர்த்துதலும்

மகிழுந்து கழுவுதல் என்பது மகிழுந்தின் உடற்பகுதியில் படிந்துள்ள தூசு, சேறு, உப்பு முதலியவற்றை, வண்ணப்பூச்சில் கீறல் விழாதவாறு நீக்கும் செயலாகும். கழுவிய நீர் காய்ந்து கறையாவதற்கு முன் அதனை அகற்றுவது உலர்த்துதல் எனப்படும். ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவு மகிழுந்துகளையும் பழைய மாதிரி மகிழுந்துகளையும் பேணுவோர் இவ்விரண்டிலும் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர். வண்ணப்பூச்சில் காணப்படும் நுண்கீறல்களில் பெரும்பாலானவை முறையின்றிக் கழுவுவதாலும் துடைப்பதாலும் ஏற்படுபவை. கடற்காற்றும் உவர்நீரும் கொண்ட கடலூர், சிதம்பரம் பகுதிகளில் இச்சிக்கல் கூடுதலாகக் காணப்படுகிறது.

வண்ணப்பூச்சின் அமைப்பு

இக்கால மகிழுந்துகளின் வண்ணப்பூச்சு பல அடுக்குகளைக் கொண்டது. தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, பின்னர் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற ஒளிபுகு பூச்சு என இவை அமைகின்றன. எல்லா அடுக்குகளும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரோமீட்டர் தடிப்பே இருக்கும். இதில் ஒளிபுகு பூச்சின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரோமீட்டர் ஆகும். இது மனிதத் தலைமுடி ஒன்றின் தடிப்பைவிடக் குறைவு. சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும், பளபளப்பைத் தருவதும் இவ்வடுக்கே ஆகும்.

கீறல்களை மெருகேற்றி நீக்கும்போது உண்மையில் கீறல் நிரப்பப்படுவதில்லை. அதைச் சுற்றியுள்ள பூச்சே தேய்த்துக் குறைக்கப்படுகிறது. எனவே ஒரு மகிழுந்தை அதன் வாழ்நாளில் சில முறைகளே இவ்வாறு சீர்செய்ய இயலும். தேய்ந்த பூச்சு மீண்டும் வளர்வதில்லை. கழுவும்போதே கீறலைத் தவிர்ப்பது முதன்மை பெறுவது இதனாலேயே.

ஒளிபுகு பூச்சு 1980களில் பரவலானது. அதற்கு முந்தைய மகிழுந்துகளில் நிறப்பூச்சே மேலடுக்காக இருந்தது. 1961 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போன்றவை இவ்வகையின. இவற்றை மெருகேற்றும்போது துணியில் நிறம் ஒட்டுவதைக் காணலாம்.

கீறல்கள் தோன்றும் விதம்

சாலைத் தூசில் குவார்ட்சு எனப்படும் படிக மணல் துகள்கள் மிகுதி. மோவின் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்சின் மதிப்பு 7 ஆகும். இது சாதாரண எஃகைவிடக் கடினமானது. இத்துகள்கள் துணிக்கும் பூச்சுக்கும் இடையில் சிக்கி இழுபடும்போது நுண்கீறல்கள் உண்டாகின்றன.

வெயிலில் இக்கீறல்கள் சிலந்தி வலைபோல் வட்டமாகத் தோன்றும். வட்டமாகத் துடைத்ததால் இவை உண்டாயின என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் உள்ளன. ஒளிப் பிம்பத்தைச் சுற்றி, ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டுமே ஒளியைக் கண்ணுக்குத் தெறிப்பதால் வட்டத் தோற்றம் ஏற்படுகிறது.

கடலூர், சிதம்பரம் பகுதியின் சூழல்

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இரு ஊர்களையும் இணைப்பது, முன்னர் 45ஏ என எண்ணிடப்பட்டிருந்த இன்றைய தேசிய நெடுஞ்சாலை 32 ஆகும். இப்பகுதியில் வண்ணப்பூச்சைப் பாதிக்கும் காரணிகள் பின்வருமாறு:

- கடல் உப்பு: தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை போன்ற கரையோர ஊர்களில் காற்றுடன் வரும் உப்புத் துகள்கள் உடற்பகுதியில் படிகின்றன. உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால், பூச்சு பெயர்ந்த இடங்களில் துரு விரைந்து பரவுகிறது.
- சாம்பலும் தூசும்: நெய்வேலியைச் சுற்றியுள்ள சாலைகளில் பழுப்பு நிலக்கரித் தூசும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்கின்றன.
- மார்கழிப் பனி: இரவில் படியும் பனிநீர் தூசைச் சேறாக்கி ஒட்டச் செய்கிறது. காலையில் அதனை அப்படியே துணியால் துடைப்பது உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும்.
- வெள்ள வண்டல்: 2011 திசம்பர் 30 அன்று கடலூர் அருகே கரையைக் கடந்த தானே புயலும், 2015 நவம்பர் வெள்ளமும் இம்மாவட்டத்தைக் கடுமையாகப் பாதித்தன. வெள்ளத்தில் நின்ற வண்டியின் காய்ந்த வண்டலைச் சுரண்டாமல், நீரால் ஊறவைத்தே நீக்க வேண்டும்.

நீரின் தன்மை

கரையோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பும் கடினத்தன்மையும் கொண்டது. இந்நீர்த் துளி ஆவியாகும்போது அதிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் துளியின் விளிம்பில் வெண்ணிற வளையமாகப் படிகின்றன. குடிநீருக்கான இந்தியத் தர வரையறையில் கரைந்த திண்மங்களின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஆகும். ஆகவே குடிக்கத் தகுந்த நீரும் கறை ஏற்படுத்தக்கூடும்.

எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்ஓ) கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வண்டி கழுவப் பயன்படுத்துவோர் உள்ளனர். அந்நீரில் உப்புகள் செறிந்திருப்பதால் கடைசி அலசலுக்கு அது ஏற்றதன்று. மாறாக, வடிகட்டிய மழைநீரும், குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரும் உப்பு மிகக் குறைந்தவை. கடைசி அலசலுக்கு இவற்றைச் சேமித்துப் பயன்படுத்தலாம்.

நீர்த்துளிகள் குவிவில்லைபோல் செயற்பட்டு வண்ணப்பூச்சை எரித்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆயினும் மேற்பரப்பில் அமர்ந்த துளியின் குவியம் அப்பரப்புக்குக் கீழே அமைவதால், கறைக்கு முதன்மைக் காரணம் உப்புப் படிவே எனலாம்.

கழுவும் முறை

இரு வாளி முறை பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு வாளியில் ஷாம்பூ கலந்த நீரும், மற்றொன்றில் கையுறையை அலசுவதற்கான வெறும் நீரும் வைக்கப்படும்.

1. வண்டியை நிழலில் நிறுத்தி, பொறியின் மேல்மூடியும் தடைத்தட்டுகளும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான தடைத்தட்டில் குளிர்நீர் பட்டால் அது கோணக்கூடும்.
2. சக்கரங்களை முதலில் தனி வாளி, தனித் துணி கொண்டு கழுவ வேண்டும். தடைத்தூசில் இரும்புத் துகள்கள் உள்ளதால் அத்துணியை உடற்பகுதியில் பயன்படுத்தலாகாது.
3. கையோ துணியோ படாமல் நீரைப் பீய்ச்சி மணலை இறக்க வேண்டும். இதுவே மிக முதன்மையான படி ஆகும்.
4. நுண்ணிழைக் கையுறையை ஷாம்பூ நீரில் நனைத்து, கூரையிலிருந்து கீழ்நோக்கி, அழுத்தாமல் நேர்கோட்டில் இழுக்க வேண்டும். விரைவு மகிழுந்துகள் தரைக்கு மிக அருகில் அமைந்திருப்பதாலும் அகன்ற சக்கரங்கள் மணலை வீசுவதாலும், கீழ்ப்பகுதியைக் கடைசியில் கழுவ வேண்டும்.
5. ஒவ்வொரு பலகத்துக்குப் பின்னரும் கையுறையை வெறும் நீரில் அலசிய பின்னரே மீண்டும் ஷாம்பூ நீரில் நனைக்க வேண்டும். கையுறை தரையில் விழுந்தால் நன்கு கழுவும்வரை அதைப் பயன்படுத்தலாகாது.
6. நுரை காயும் முன் அலச வேண்டும். கடலோரத்தில் சக்கர வளைவுகளையும் அடிப்பகுதியையும் சேர்த்து அலசுவது நன்று.

பாத்திரம் துலக்கும் சோப்பும் துணி துவைக்கும் தூளும் மெழுகுக் காப்பை நீக்கிவிடுவதால் தவிர்க்கப்படுகின்றன. தேங்காய் நார், பழைய வேட்டித் துணி, பனியன் வேஸ்ட் ஆகியவையும் தவிர்க்கப்பட வேண்டியவை. பனியன் வேஸ்டில் தையல் விளிம்புகளும் கடின இழைகளும் கலந்திருக்கும்.

உலர்த்தும் முறை

கடலூர் வெயிலில் நீர்த்துளி சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடும். எனவே காலை அல்லது மாலை வேளையே ஏற்றது. முதலில் குழாயின் முனையைக் கழற்றி, நீரை அழுத்தமின்றி மேலிருந்து வழியவிட வேண்டும். இதனால் நீர் படலமாக இறங்கி, துளிகள் குறைகின்றன. எஞ்சிய நீரின்மேல் தடித்த நுண்ணிழைத் துணியை விரித்து, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். நுண்ணிழைத் துணியின் நீண்ட இழைகள் துகள்களைத் தம்முள் வாங்கிக்கொள்கின்றன. சமதளமான தோல்துணியில் அவை மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன.

கண்ணாடிகளின் இடுக்கு, எரிபொருள் மூடி, காற்று நுழைவாய் ஆகியவற்றிலுள்ள நீரைக் காற்று ஊதி வெளியேற்றலாம். இறுதியில் வண்டியைச் சற்றுத் தொலைவு மெதுவாக ஓட்டித் தடைகளை உலர்த்துவது வழக்கம். நுண்ணிழைத் துணிகளைப் பருத்தித் துணிகளுடன் சேர்த்துத் துவைக்கலாகாது.

ஆயுத பூசை

தமிழ்நாட்டில் ஆயுத பூசையன்று வண்டிகளைக் கழுவிச் சந்தனம், குங்குமம் இட்டு மாலை அணிவிப்பர். மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்த்துச் செய்யும் குங்குமம் காரத்தன்மை கொண்டது. அது வெயிலில் நாட்கணக்கில் இருந்தால் கறையாகலாம். மாலையைக் கட்டும் கம்பியும் கீறலை உண்டாக்கும். பூசை முடிந்தபின் பொட்டைச் சுரண்டாமல், நீரால் ஊறவைத்து நீக்குவதே முறையாகும். பொட்டைக் கண்ணாடியிலோ எண் பலகையின் விளிம்பிலோ இடுவோரும் உண்டு.

சுற்றுச்சூழல்

திறந்த குழாயில் நிமிடத்துக்கு 10 முதல் 20 லிட்டர் நீர் வெளியேறும். பத்து நிமிடம் திறந்துவிட்டால் 100 முதல் 200 லிட்டர் செலவாகும். வாளி முறையில் இதில் பாதிக்கும் குறைவான நீரே போதும். கெடிலம், வெள்ளாறு போன்ற ஆறுகளிலோ ஏரிகளிலோ வண்டியை இறக்கிக் கழுவுவது எண்ணெயையும் சவர்க்காரத்தையும் நீர்நிலையில் கலக்கச் செய்கிறது. ஆற்று மணலும் பூச்சைக் கீறும். ஆகவே இது ஆற்றுக்கும் வண்டிக்கும் ஒருசேரத் தீங்கானது.

இவற்றையும் பார்க்க

- மகிழுந்து
- கடின நீர்
- மோவின் கடினத்தன்மை அளவுகோல்
- கடலூர் மாவட்டம்