உண்டது உடலில் ஒட்ட வேண்டும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ஊர் கோம்பை. இப்பகுதி மானாவாரி நிலங்களில் சோளம், கம்பு, நிலக்கடலை, மொச்சை முதலியன பயிரிடப்படுகின்றன. பெண்கள் பலர் விடியற்காலையிலேயே ஜீப் ஏறி, மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்கின்றனர். உழைப்பு மிகுந்த இவர்கள் கவனிக்க வேண்டியது இரத்தசோகை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இக்குறை உள்ளது. சோர்வு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

கடலைச் செடியில் காண்பது

சுண்ணாம்புத் தன்மை மிகுந்த நிலத்தில் நிலக்கடலையின் இளம் இலைகள் மஞ்சளித்து வெளிறுவதுண்டு. மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாததே காரணம். அன்னபேதி உப்புக் கரைசலில் சிறிது சிட்ரிக் அமிலம் சேர்த்துத் தெளித்தால் பயிர் பச்சை பிடிக்கும். மனித உடலிலும் பல நேரங்களில் இதே நிலைதான். உணவில் இரும்பு இருந்தாலும் அது இரத்தத்தில் சேர்வதில்லை.

குடலில் நடப்பது

வாயில் உமிழ்நீர் மாவுச்சத்தைச் சிதைக்கத் தொடங்குகிறது. இரைப்பையில் சுரக்கும் அமிலம் புரதம் செரிக்க உதவுவதுடன் இரும்பையும் கரைக்கிறது. சிறுகுடலில் பித்தநீர், கணையநீர் ஆகியவற்றின் உதவியால் மாவு சர்க்கரையாகவும், புரதம் அமினோ அமிலங்களாகவும் மாறி உறிஞ்சப்படுகின்றன. இரும்பு பெரும்பாலும் சிறுகுடலின் முன்பகுதியிலேயே உறிஞ்சப்படுகிறது. அங்கே சேராதது பெரும்பாலும் கழிவோடு போய்விடும். தானியம், பயறு, கீரையிலுள்ள இரும்பில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்குகூட உடலில் சேர்வதில்லை. தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலமும், தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பைப் பிடித்துக்கொள்வதே காரணம். சாப்பாட்டுடன் தேநீர் குடித்தால், சேரும் இரும்பு பாதிக்கும் மேல் குறையக்கூடும்.

செய்ய வேண்டியவை

1. தேநீர், காப்பியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ அருந்த வேண்டும்.

2. உணவுடன் நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை இவற்றில் ஒன்றைச் சேர்க்கவும். இவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்பட உதவும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும்.

3. பயறுகளை ஊறவைத்து முளைகட்டிச் சமைக்கலாம். கம்பு மாவைப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சலாம். இதனால் ஃபைட்டிக் அமிலம் குறையும்.

4. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். எனவே காட்டு வேலையில் செருப்பு அணிவதும், கழிப்பறையைப் பயன்படுத்துவதும் அவசியம்.

5. சோர்வு நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவும். அங்கு தரும் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தேநீருடன் விழுங்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் அவற்றை வைக்கவும். வயலுக்கு வாங்கிய அன்னபேதியை எக்காரணம் கொண்டும் உட்கொள்ளக் கூடாது.

மஞ்சளித்த இலையைக் கண்டதும் விரைந்து மருந்து தெளிக்கும் உழவர், வீட்டில் வெளிறிய முகத்தையும் அதே விரைவில் கவனித்தால் குடும்ப நலம் காக்கலாம்.