கோல் கீப்பர் பாட்டி!

சனிக்கிழமை ராத்திரி. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஆற்றோரமாக ஒரு வெள்ளரித் தோட்டத்து வீடு. டி.வி.யில் ஐஸ் ஹாக்கி. (தன்ராஜ் பிள்ளை ஆடிய ஹாக்கி இல்லை சார்! இது உறைந்த பனிக்கட்டி மேல், காலில் ஸ்கேட்டிங் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஆடுவது.) பெரிய நாற்காலியில் பாட்டி. எதிரே குட்டி மட்டையோடு இரண்டு வயசுப் பேரன். பாட்டியின் கால்களுக்கு நடுவே இருக்கிற இடம்தான் கோல். பேரன் பந்தை அடிக்க, பாட்டி தடுக்க... டி.வி. மேட்ச் முடிந்தாலும் இந்த மேட்ச் முடியாது!

அந்தப் பொடியன்தான் வேய்ன் கிரெட்ஸ்கி. பிறந்தது 1961. தோட்டத்தை ஒட்டி ஓடும் நித் ஆறு குளிர்காலத்தில் உறைந்துவிடும். பையன் சறுக்கக் கற்றுக்கொண்டது அதில்தான். பத்து வயசில் ஒரே சீஸனில் 378 கோல்! பெரியவன் ஆனதும், எட்மன்டன் அணிக்கு நாலு முறை ஸ்டான்லி கோப்பை. ஹாக்கிக்கு அவர்தான் பிராட்மன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பாட்டிக்கு வருவோம். சொந்த ஊர் பிட்ஹாய்ட்சி. எந்த நாடு என்று கேட்டால் தலை சுற்றும். பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யம். முதல் உலகப் போர் முடிந்ததும் போலந்து. 1939ல் சோவியத் யூனியன். நடுவில் ஜெர்மன் ராணுவம் வேறு. 1991 முதல் உக்ரைன். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு மட்டும் வந்து வந்து போயிருக்கிறது! பேரனைப் பற்றி எழுதியவர்கள் போலந்து, ரஷ்யா, பெலாரஸ் என்று ஆளுக்கொரு பூர்வீகம் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். (தாத்தா பெலாரஸ் பக்கத்துக்காரர் என்பது தனிக் குழப்பம்.) பாட்டிக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. மகனோடு பேசினது உக்ரேனிய பாஷையில்தான்.

இந்த எல்லைக்கோட்டு விளையாட்டு சும்மா சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை. 1891லிருந்தே உக்ரேனியர்கள் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். பத்து டாலர் கட்டினால் 160 ஏக்கர் என்று அரசாங்கம் கூப்பிட்டது. போய்ப் பார்த்தால் காடும் புதரும். முதல் குளிர்காலத்தை மண்ணைத் தோண்டிக் குடிசை போட்டு ஓட்டியவர்கள் உண்டு. 1914ல் போர் வந்ததும், அதே அரசாங்கம் ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து முகாமில் அடைத்தது. என்ன குற்றம்? காகிதத்தில் ஆஸ்திரியா என்று இருந்தது. ஆஸ்திரியா எதிரி நாடு. அவ்வளவுதான்!

பாட்டி கனடா வந்தது அந்தப் போருக்கு அப்புறம். வெள்ளரி போட்டு, பிள்ளைகளை வளர்த்து, எண்பதைத் தாண்டி வாழ்ந்தார். பேரன் மேட்ச்சுக்கு முன்வரிசையில் ஆஜர். ஒரு தடவை எதிரணிக்காரர் ஒருவர் பேரனைத் தடுப்புச் சுவரோடு வைத்து அழுத்த, பாட்டி விடுவாரா? கைப்பையாலேயே அந்த ஆள் மண்டையில் ஒரு போடு!

உக்ரைன் தனி நாடானதைப் பார்க்கத்தான் கொடுத்து வைக்கவில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உள்ளே நுழைந்ததும், கிரெட்ஸ்கி டி.வி.யில் பாட்டியை நினைத்துக்கொண்டார். பாட்டி முழு உக்ரேனியர் என்றும், உக்ரைன் ஜனங்களுக்காகப் போராடணும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார் என்றும் சொன்னார். ஜூனியர் உலகப் போட்டியில் ரஷ்யாவைச் சேர்க்கக் கூடாது என்றார்.

அவருடைய 894 கோல் ரெக்கார்டை 2025 ஏப்ரல் 6ம் தேதி உடைத்தவர், மாஸ்கோவில் பிறந்த அலெக்சாண்டர் ஒவெச்கின். கிரெட்ஸ்கி நேரில் போய்க் கை குலுக்கிவிட்டு வந்தார். பெரிய மனசு!

ஆனால் ஒன்று... பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிய கோல்களை யாரும் எண்ணவில்லை. அதையும் கூட்டினால் ரெக்கார்டு இன்னும் பேரன் கையில்தான்!