நிவாரணப் பொட்டலத்தில் கோதுமை ஆகாதவர்களுக்கு என்ன இருக்கிறது?



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெளியேற வழியின்றித் தவித்தார்கள். அந்த வாரம் நாங்களும் பொட்டலம் கட்டினோம். பிரெட், பன், பிஸ்கட், ரவை உப்புமா. முகாமாக இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு தாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இதில் எதுவுமே என் மகளுக்கு ஆகாதுங்க" என்றார். பிள்ளைக்கு ஒன்பது வயதிருக்கும். அடம் பிடிக்கிறாள் போலும் என்றுதான் முதலில் நினைத்தோம். விசாரித்த பிறகே விஷயம் புரிந்தது. அன்று மாலை பக்கத்து வீட்டில் சோறு வடிக்கும்வரை அவள் வாழைப்பழத்தோடு இருந்தாள்.

அவளுக்கு இருந்தது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. இந்நோய் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டுவதில்லை. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், தீராத இரத்தசோகை, பிள்ளைகளானால் வளர்ச்சிக் குறைவு என்று பல விதமாகத் தெரியும். இதைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயுள் முழுவதும் குளூட்டன் இல்லாமல் சாப்பிடுவதே சிகிச்சை. ரொட்டி தின்னும் வட மாநிலங்களை விடச் சோறு தின்னும் நம் பக்கத்தில் இது குறைவு. அதனாலேயே நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை. சந்தேகம் இருந்தால் கோதுமையை நீங்களாக நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகாதீர்கள். நிறுத்திய பின் செய்யும் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

இந்நோய்க்குக் காரணம் கோதுமைதான் என்று நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சு குழந்தை மருத்துவர். அவருக்கு அந்தச் சந்தேகம் முன்பே இருந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஹாலந்தில் ரொட்டியே கிடைக்காத பஞ்சம் வந்தது. ஊரே வாடியபோது இந்தப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். நிவாரண ரொட்டி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள் என்று சொல்வார்கள். 1950-ல் அவர் தம் ஆய்வேட்டை வெளியிட்டார். நாங்கள் கொடுத்த பன்னும் அந்த ரொட்டியும் ஒன்றுதானே!

இதற்கு விலையுயர்ந்த தனி உணவு எதுவும் தேவையில்லை. அடுப்பு இல்லாமல், கெடாமல் இருக்கக்கூடியவை நம் வீட்டிலேயே இருக்கின்றன. அவல், பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம், கடலை மிட்டாய். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு அவல் கால் கிலோ, மற்ற மூன்றும் நூறு நூறு கிராம் என்று வைத்தால் ஏறக்குறைய 2000 கலோரி வரும். மூன்று நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் கிலோ கூட இல்லை. மெல்லிய அவல் சுத்தமான பச்சைத் தண்ணீரிலேயே சில நிமிடத்தில் ஊறிவிடும். வீட்டில் நல்லெண்ணெய் விட்டுக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் ஒரு சிறு பாட்டிலில் இருந்தால் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள். காற்றுப் புகாத டப்பாவில் தேதி எழுதி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். கடலை மிட்டாய்தான் முதலில் சிக்கடிக்கும்.

ஏமாறக்கூடிய இடங்கள் சில உண்டு. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஆகவே புளிக்காய்ச்சலிலும் இட்லிப் பொடியிலும் கவனம். சத்துமாவு என்றால் சத்து என்று நம்பிக் கொடுத்துவிடுகிறோம். அதில் கோதுமை சேர்ப்பது சகஜம். மால்ட் பானங்கள் பார்லியில் செய்தவை. எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் நம் தெரு மாவு மில். முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துப் போயிருந்தால், அடுத்து அரைக்கும் பச்சரிசி மாவிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். அரிசியைக் கழுவி உலர்த்தி வீட்டு மிக்ஸியில் அரைப்பதே நல்லது. சீலியாக் உள்ளவருக்குச் 'கொஞ்சம்தானே' என்ற கணக்குச் செல்லாது. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால், அதைக் 'குளூட்டன் இல்லாதது' என்று விற்க நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமே அனுமதிப்பதில்லை.

கடையில் கிடைக்கும் ஆயத்த உணவுப் பைகளும் பயணத்துக்கு உதவும். உணவைப் பையில் அடைத்து மூடிய பிறகு 120 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் கிருமி நீக்குவதால் பிரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் இருக்கும். அவசரத்துக்குச் சுட வைக்காமலும் சாப்பிடலாம். பிரித்தால் அந்த வேளையே தீர்த்துவிட வேண்டும். பின்பக்கத்தில் கோதுமை இருக்கிறதா என்று படியுங்கள். இறைச்சி வகை என்றால் ஹலால் முத்திரையையும் சேர்த்துப் பாருங்கள். உம்ரா செல்பவர்களுக்கு மக்கா, மதீனாவில் சோற்றுக்குக் குறைவில்லை. பேருந்திலும் விமான நிலையத்திலும் கையில் திணிக்கும் பொட்டலத்தில்தான் பன்னும் கேக்கும் இருக்கும். இரண்டு வேளைக்கானதைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

இந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, இன்ஷா அல்லாஹ், நம் கிட்டங்கியில் கோதுமை சேராத பொட்டலங்களைத் தனி அலமாரியில், பச்சை நூல் கட்டி வைக்கிறோம். அவற்றைக் கட்டும் மேசையில் பிரெட்டும் பிஸ்கட்டும் பிரிக்கக்கூடாது என்று வாலிபர்களிடம் சொல்லியிருக்கிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி யாரேனும் இருந்தால், எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும், அலுவலகத்தில் பெயரையும் வயதையும் மட்டும் எழுதிக் கொடுங்கள். டாக்டர் சீட்டு கேட்க மாட்டோம்.