டிரெய்லர் திருட்டு: கண்ணில் பட்டும் கைக்கு வராத பொருள்



மூட்டை இறக்கியபின் டிரெய்லரைக் குடோன் வாசலில் விட்டுவிட்டு, டிராக்டரை மட்டும் வீட்டுக்கு ஓட்டிச் செல்வது நம் ஊர்களில் வழக்கம். டிராக்டருக்குச் சாவி உண்டு; டிரெய்லருக்கு ஏது சாவி? வேறொரு டிராக்டரைக் கொண்டுவந்து மாட்டினால் ஐந்தே நிமிடத்தில் போய்விடும். கலப்பை, ரோட்டவேட்டர், பம்புசெட் மோட்டார் ஆகியவற்றின் கதியும் இதுதான்.

நமக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நமது நிலக்கடலை மண்டியின் டிரெய்லர் ஒரே இரவில் காணாமற் போயிற்று. நான்கு மாதம் கழித்து, பக்கத்துத் தாலுகாவில் ஒரு பட்டறையில் நிற்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தோம், பச்சை வண்ணம் நீலமாகியிருந்தது. ஆனால் பின்கதவில் நாம் வைத்த ஒட்டுத் தகடு அப்படியே இருந்தது. காவல் நிலையத்தில், "நம்பர் என்ன? பில் எங்கே?" என்று கேட்டார்கள். உள்ளூரில் அடித்த வண்டி. பதிவும் இல்லை, பில்லும் இல்லை. வெறுங்கையோடு திரும்பினோம்.

டிரெய்லருக்கு எஞ்சின் எண் கிடையாது. சேஸிஸ் எண் ஒன்றே அடையாளம். அதையும் தேய்த்துவிட்டாலோ, வண்டியை வெட்டிப் பழைய இரும்பாக விற்றுவிட்டாலோ சுவடே இராது. ஆகவே, பொருள் இருக்கும்போதே செய்ய வேண்டியவை சில உண்டு.

1. மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரையும் பதிவு செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியில் டிரெய்லர் தனியே குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

2. மறைவான இரண்டு இடங்களில் உங்கள் குறியை உளியால் வெட்டி, அதைப் புகைப்படம் எடுத்துப் பில்லோடு பத்திரப்படுத்துங்கள். இரவில் சக்கரத்தைச் சங்கிலியிட்டுப் பூட்டுங்கள்.

3. திருட்டுப் போனால் அன்றே புகார் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, எல்லை பாராமல் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம்.

4. மீட்ட பொருள் நிலைய வாசலில் துருப்பிடிக்க வேண்டியதில்லை. 497-வது பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் மனுச் செய்து, பிணைப்பத்திரம் கொடுத்துத் திரும்பப் பெறக் கேட்கலாம். இத்தகைய வாகனங்களை நெடுநாள் நிலையத்தில் போட்டுவைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2002-ல் கூறியுள்ளது.

இறுதியாக ஒன்று. திருடியவனிடமிருந்து வாங்க ஆள் இருப்பதால்தான் திருட்டு நடக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ வாங்கி வைத்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவுப்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. விலை மலிவென்று பில் இல்லாத பொருளை நம்மில் எவரும் வாங்காதிருப்போமாக. அன்று அந்தப் பட்டறைக்காரர் பில் கேட்டிருந்தால், நம் டிரெய்லர் நமக்கே திரும்பியிருக்கும்.