ஓவியத்திரைக்கு வெளியே இருந்த மலை

சின்ன ஊர் ஸ்டுடியோக்களில் ஒரு காலத்தில் இயற்கை என்றால் துணியில் வரைந்ததுதான். நீல ஏரி, கரையில் இரண்டு அன்னங்கள், பின்னால் பனிமலை, ஓரத்தில் ரோஜாச் செடி. புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதி சுற்று வட்டாரத்து வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பழைய படங்களைப் பாருங்கள். கல்யாணம் ஆன புதுசில் எடுத்தது, சிங்கப்பூர் கிளம்புவதற்கு முன்னால் எடுத்தது என்று எதிலும் இந்தத் திரைதான் பின்னால் தொங்கும். ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து ஒரு வெட்டவெளியில் நின்று மேற்கே பார்த்தால் பிரான்மலை தெரியும். பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படும் மலை அது. அடிவாரத்தில் தேவாரப் பாடல் பெற்ற திருக்கொடுங்குன்றம், உச்சியில் தர்கா. அந்த மலையைப் படம் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

காரணம் எளிது. ஒரு ரோலில் 36 படம். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்குமே அது போதாது. ரோல் வாங்கவும் காசு, கழுவவும் காசு, பிரிண்ட் போடவும் காசு. விசேஷம் முடிந்து மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு ஸ்நாப்பில்தான் வீட்டுப் பசுவும் வாசல் செம்பருத்தியும் இடம் பிடிக்கும். ஒரு காளானுக்காக ஃபிலிமைச் செலவழிப்பதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பக்கம் கேமரா வந்தது ஒன்றும் நேற்றைய கதை இல்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-ல் புதுக்கோட்டைக் காட்சிகளைத் தனித் தொகுதியாகவே எடுத்தார். தாவரங்களுக்கு முறையாகப் பெயர் வைத்த லின்னேயஸின் பெயரைத் தாங்கிய அந்த மனிதருக்கு இலைகள் பெரிய தொல்லை கொடுத்தன. அக்காலத்து வேதிப்பூச்சு நீல ஒளியைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும், பச்சையை வாங்கவே வாங்காது. வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும், மரம் கருப்புத் திட்டாக நிற்கும். போதாததற்குக் காற்றடித்தால் இலை அசைந்து கலங்கிவிடும். ஆகவே அவர் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தொட்டு மேகத்தையும் இலைத்தொகுதியையும் தீட்டிச் சேர்த்தார். கோயில் கோபுரமும் கோட்டையும் கல்லில் இருப்பது போலவே படத்தில் நிற்க, பக்கத்து மரத்துக்கு மட்டும் தூரிகை உதவ வேண்டியிருந்தது.

தாவரத்தை உண்மையாகப் பதிவு செய்ய அன்று இருந்த வழி வேறு. செடியைப் பறித்து, தாளுக்கு இடையில் வைத்து அழுத்தி, காயவைத்து, ஊர், தேதி, மண், பூவின் நிறம், அவ்வூரார் சொல்லும் பெயர் எல்லாம் எழுதி ஒட்டி வைப்பது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரகத்தில் அருட்தந்தை கே. எம். மேத்யூ நடத்தியது அந்த வேலையைத்தான். தமிழகத்தின் தாவரங்களைப் பற்றி 1981 தொடங்கி அவர் வெளியிட்ட தொகுதிகளில் படங்கள் எல்லாம் கோட்டோவியங்கள். ஒரு நல்ல கோட்டோவியத்தில் இலையின் அடிப்புறமும் பூவின் உள்ளும் விதையும் ஒரே பக்கத்தில் இருக்கும். கேமரா ஒரே சொடுக்கில் இத்தனையையும் காட்டாது.

ஓவியம், கேமரா இரண்டையும் ஒருசேரப் பெற்றிருந்தவர் மா. கிருஷ்ணன். தாவரவியல் படித்தவர், படம் வரைந்தவர், கேமராவைத் தன் தேவைக்குத் தக்கபடி தானே பொருத்திக்கொண்டவர். 1950 முதல் 1996-ல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். அவர் எடுத்தவை கருப்பு வெள்ளைப் படங்கள். யானை நிற்கும் படத்தில் அது எந்த மரத்தடியில் நிற்கிறது என்பதையும் கவனித்தவர் அவர். அந்தக் கண் தமிழில் இன்னும் போதிய அளவு பரவவில்லை என்பது என் வருத்தம்.

இன்றைக்கு வருவோம். ஐப்பசியில் நாலு நாள் இடியும் மழையுமாகக் கழிந்து ஐந்தாம் நாள் வெயில் லேசாக அடித்தால், புற்றடியில் காளான் வெடிக்கும். இப்போது அதைப் பறிக்கப் போகிறவர் கையிலும் போன் இருக்கிறது. குனிந்து பார்த்தால் தெரியும்: குடையின் நடுவில் கூரான ஒரு முனை. இறுகிய மண்ணைத் துளைத்து மேலே வர அதுதான் ஆயுதம். தண்டைச் சுற்றி மண்ணை விலக்கிக்கொண்டே போனால் வேர் போல நீண்டு, கறையான் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரைக்கும் இறங்கும். கறையான் மென்று போட்ட சருகில் வளரும் பூஞ்சையின் வெளித் தலைதான் நாம் குழம்பு வைக்கும் புற்றுக்காளான். மேலிருந்து மட்டும் படம் எடுத்தால் இதில் எதுவும் தெரியாது, வெள்ளையாக ஒரு வட்டம் விழும். போனைத் தரையில் வைத்துக் குடையின் அடியில் இருக்கும் மடிப்புகளையும், தண்டின் அடிப்பாகத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். குடையை ஒரு தாளில் கவிழ்த்து இரவு முழுக்க மூடி வைத்தால் மறுநாள் வித்துத்தூள் படிந்திருக்கும். அதன் நிறத்தையும் படம் பிடித்தால் அடையாளம் காண்பவருக்குப் பாதி வேலை முடிந்தது. படத்தை மட்டும் நம்பி எந்தக் காளானையும் சட்டியில் போடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

செங்காந்தள் வேறு விதமான சோதனை. அது பூக்கும்போது இதழ் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கிக் கடைசியில் முழுச் சிவப்பு. சூலகத் தண்டு நேராக வளராமல் பக்கவாட்டில் மடங்கிப் படுத்திருக்கும். போன் கேமராவுக்குச் சிவப்பு என்றால் தடுமாற்றம். நல்ல வெயிலில் இதழின் நெளிவெல்லாம் அழிந்து ஒரே சிவப்புப் பூச்சாக வரும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து, காலையிலோ மேகம் மூடிய நேரத்திலோ எடுத்தால் இதழின் ஓர அலைகள் கிடைக்கும்.

ஆனால் அந்தக் கொடி ஏறி நிற்க வேலி வேண்டுமே. கிளுவை வேலி இருந்த காலத்தில் அதன் மேல் கோவை, பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை எல்லாம் படர்ந்து கிடக்கும். ஒரு வேலியே ஒரு தோட்டம். இன்று கல்லுக்காலும் முள்கம்பியும். மாவட்டத்தின் பல பகுதிகளில் தைலமரம் வரிசை வரிசையாக நிற்கிறது, கண்மாய்க்குள் சீமைக்கருவேல். தைலமரக் காட்டுக்குள் படம் எடுக்கப் போனால், பத்து அடிக்கு ஒரே படம்தான் திரும்பத் திரும்பக் கிடைக்கும். பழைய மரங்கள் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது அய்யனார் கோயில் காடுகளில். உலக்கைப்பாலை, வீரை, காயா, உசிலை. சாமிக்குப் பயந்து கிளை ஒடிக்காமல் விட்டதால் தப்பியவை.

எவையெல்லாம் போயின என்பதற்குச் சாட்சி எங்கே இருக்கிறது? மரத்துக்காக யாரும் படம் எடுக்கவில்லை. ஆனால் மரம் தானாக வந்து விழுந்த படங்கள் உண்டு. புரவி எடுப்பு, மஞ்சுவிரட்டு, ஊரணிக்கரைப் பொங்கல், பள்ளிக்கூடக் குழுப்படம் ஆகியவற்றில் ஆட்களின் தலைக்கு மேலே ஒரு கிளை தெரியும், பின்னால் கண்மாய்க்கரை தெரியும். எடுத்தவர் அதைக் கவனித்திருக்க மாட்டார். வலையபட்டி, பொன்னமராவதிப் பக்கத்து வளவு வீடுகளில் அப்படிப்பட்ட படங்கள் பெட்டி பெட்டியாகக் கறையான் தின்னக் காத்திருக்கின்றன. அவற்றை எடுத்து, அதே இடத்தில் நின்று இன்று இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அறுபது எழுபது வருஷத்து மாற்றம் முகத்தில் அறையும். கையில் போன் இருக்கும் எந்தக் கல்லூரிப் பிள்ளையும் செய்யலாம்.

இப்போது எடுப்பவையும் கொஞ்ச நாளில் இதே கதியை அடையும் என்று எனக்குப் பயம். வாட்ஸாப்பில் அனுப்பும்போது படம் சுருங்குவது மட்டுமில்லை, எங்கே எடுத்தது என்ற விவரமும் கழன்றுவிடுகிறது. காலை வணக்கத்தோடு சுற்றும் அந்தப் பூ எந்த ஊர்ப் பூ, எந்த மாதத்துப் பூ என்று யாராலும் சொல்ல முடியாது. 2008-ல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் ஏற்றினால் இடமும் தேதியும் படத்தோடு நிற்கும், தெரிந்தவர்கள் பெயர் சொல்லித் திருத்துவார்கள். கிழங்குக்காகத் தோண்டி எடுக்கப்படும் செடிகளுக்கு மட்டும் இடத்தை மறைத்து வைக்கும் வசதியைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

நம்மிடமே ஒரு ஏடும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. ஊரில் என்ன செடி, என்ன மீன், என்ன நெல், யார் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஊர்க்காரர்களைக் கேட்டே எழுத வேண்டிய ஏடு அது. கோயில் காட்டில் விறகு பொறுக்கிய அப்பத்தாவிடம் போய்ப் படத்தைக் காட்டினால் இலையைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்வார், எந்தப் புண்ணுக்குப் போடுவது என்றும் சொல்வார். அந்தப் பெயர், படம், தேதி மூன்றும் ஒரே பக்கத்தில் ஏற வேண்டும். வரும் ஐப்பசிக்குள் ஓர் ஊர் ஒரே ஒரு கோயில் காட்டை எடுத்துக்கொண்டால் போதும், மரத்துக்கு ஐந்து படம் வீதம்: பட்டை, இலையின் இருபுறம், பூ, காய்.